பூஜையில் வைத்த சாவி

அக்டோபர் 21, சனி

துளசிராமன் இன்று என் அறைக்கு வந்து நின்றுகொண்டே பேசினான். எங்கள் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஆயுத பூஜைக் கமிட்டி என்றால் அவன்தான். வழக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவன். நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் பூசணிக்காய ஹரி சார் உடைக்கட்டும்னு கமிட்டில பேசினோம்.”

“கமிட்டின்னா யாரு? நீயும் உன் வசூல் நோட்டுமா?”

“அவரு சீஃப் மேனேஜர் ஆகி மொத பூஜை சார். உங்களுக்கும் தோள்பட்டை வலின்னு போன வருஷமே சொன்னீங்களே.”

பதினோரு வருடமாகத் தொட்டி வளாகத்தின் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தவன் நான். ஹரிஹரசுதன் பயிற்சிக்கு வந்தபோது எந்தக் குழாயில் கச்சா எண்ணெய், எந்தக் குழாயில் தண்ணீர் என்று காட்டியவனும் நான். எம்.டெக்கில் நான் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாமிடம். பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் வந்து என் பெயர் மூன்றாம் முறையாக வராமல் போன கதையை இந்த நோட்டிலேயே வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறேன். மறுபடி வேண்டாம்.

மாலையில் ஹரியின் சுற்றறிக்கை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடியும்வரை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பிரிவும் ஒரு கருவியை மட்டும் பூஜைக்குக் கொடுத்துவிட்டு, மாற்றுக் கருவியை அதனதன் இடத்தில் வைத்திருக்க வேண்டுமாம். கடைசி வரி: “குறிப்பாக, மதில் வால்வுச் சாவி.”

குறிப்பாக! அந்தச் சாவி இருப்பது என் பிரிவில். எண்ணெய்த் தொட்டி ஒவ்வொன்றையும் சுற்றி இடுப்பளவு மதில் உண்டு. தொட்டி கசிந்தால் எண்ணெய் வெளியே போகாமல் மதிலுக்குள்ளேயே நிற்கும். மழைநீர் தேங்கினால் வடித்துவிட மதிலடியில் ஒரு வால்வு. ஆழமான குழிக்குள் இருக்கும் அதைத் திருப்ப நாலடி நீள இரும்புச் சாவி வேண்டும். வேறு எந்தக் கருவியும் பொருந்தாது. மொத்தம் இரண்டு சாவிகள். பத்தொன்பது வருடமாக இரண்டையும் பார்த்துக்கொள்கிறவனுக்கு எது எங்கே இருக்க வேண்டும் என்று அவன் சொல்லித்தருகிறான்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் எண் தொட்டியின் மதிலுக்குள் முழங்காலளவு நீர். வால்வைத் திறந்துவிடச் சொன்னேன். யேசுபாதம் திறந்தான். ஒப்பந்த ஆபரேட்டர், ஆற்று முகத்துவாரத்தில் சங்கிலிக்குப்பத்துக்காரன். வாய் கொஞ்சம் அதிகம், வேலை சுத்தம்.

பதினொன்றரைக்குத் துளசிராமன் சாவியை வாங்கிக்கொண்டு போனான். மற்றதைப் பத்திரமான இடத்தில் வைத்தேன்.

பூசணிக்காய் ஹரியின் கையில் முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. என் கையில் உடையாமல் போயிருந்தால் சிரித்திருப்பார்கள். அப்புறம் எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து, “சார், நீங்க இல்லாம நல்லாவே இல்ல” என்றான். அதில் எவ்வளவு கேலி என்று அளக்க முயன்றேன். முடியவில்லை.

தலைவலி. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கௌசல்யா சுண்டல் கொடுத்தாள். தொலைபேசி மூன்று முறை அதிர்ந்தது. யார் என்று பார்க்கவில்லை. பூஜை நாளில் கூட ஒரு மனிதனை நிம்மதியாக விடமாட்டார்கள்.

அக்டோபர் 24, செவ்வாய்

அழுகிய முட்டை நாற்றம் எங்கள் காலனி வரை வந்திருந்தது. கௌசல்யா ஜன்னல்களைச் சாத்தினாள்.

நடந்தது இது. நேற்று மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஏழாம் எண் தொட்டியின் அடிக்குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்ந்து கச்சா எண்ணெய் கொட்டியிருக்கிறது. மதில் வால்வு திறந்தே இருந்ததால் எண்ணெய் மழைநீர்க் கால்வாயில் போய், அங்கிருந்து ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரை கருப்பாகப் படிந்துவிட்டது. எண்ணெயோடு வந்த கந்தக வாயு வேறு. குப்பத்தில் முப்பத்திரண்டு பேர் மருத்துவமனையில். குழந்தைகளும் உண்டு.

இரவு எட்டு மணிக்குத்தான் வால்வு மூடப்பட்டது. யேசுபாதம் பூஜை மேடையிலிருந்து சாவியைத் தூக்கிக்கொண்டு போய், தொடையளவு எண்ணெய்த் தண்ணீரில் இறங்கி மூடியிருக்கிறான்.

துளசிராமன் கேன்டீனில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான்: “அவன் வேதக்காரன்யா, சர்ச்சுக்குப் போறவன். படையல் போட்ட சாவில கை வெச்சான், எண்ணெய் பீச்சிக்கிச்சு. தெய்வக் குத்தம் சும்மா விடுமா?”

எண்ணெய் கொட்டியது ஐந்தரைக்கு. அவன் சாவியைத் தொட்டது எட்டு மணிக்கு. இந்த வரிசை புரியாமலா பேசுகிறார்கள்? ஆனால் கேன்டீனில் ஒவ்வொருவனையும் திருத்துவது என் வேலையல்ல.

நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. கவனித்தேன்.

அக்டோபர் 25, புதன்

வாசல் காவலரின் வருகைப் பதிவேட்டை ஹரியின் ஆள் வந்து நகலெடுத்துப் போயிருக்கிறான். எதற்கு? யார் எப்போது வெளியே போனார்கள் என்று பார்க்கத்தானே? என் பணி நேரம் மாலை ஆறு வரை. நான்கு மணிக்குக் கிளம்பியவர்கள் அந்த வளாகத்தில் எத்தனையோ பேர். என் பெயரை மட்டும் தேடுவார்கள்.

தொலைபேசியில் பழைய அழைப்புப் பதிவுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சிலவற்றை அழித்தேன். 5.42, 5.50, 6.15.

கௌசல்யா துவைக்கப் போட்ட பேன்ட்டிலிருந்து ஒரு சிறிய சாவியை எடுத்து வந்தாள். “என்னங்க, இது எந்தச் சாவி?”

“ஆபீஸ் அலமாரி.”

“அப்ப ஆபீஸ்ல வேண்டாமா?”

“வேண்டும்போது எடுத்துக்கறேன்.”

ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கு?

அக்டோபர் 26, வியாழன்

கேஸ்கெட்தான் ஆணிவேர். அதை மாற்றாமல் தள்ளிப்போட்டது ஹரியாகத்தான் இருக்க வேண்டும். ஆவண அறையில் மூன்று மணி நேரம் தேடினேன். ஏழாம் எண் தொட்டியின் ஜனவரி மாத ஆய்வு அறிக்கை கிடைத்தது. “கேஸ்கெட் நல்ல நிலையில் உள்ளது.” கையெழுத்து என்னுடையது.

அந்த நாளில் என் மேஜையில் நாற்பது அறிக்கைகள் கிடந்தன. அவ்வளவு காகிதத்தையும் ஒரே நாளில் யார் அனுப்பினார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

அக்டோபர் 27, வெள்ளி

நீர் மாதிரி எடுக்க என்னைக் குப்பத்துக்கு அனுப்பினார்கள். போவதற்கு வேறு ஆளா இல்லை? என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை.

படகுகள் கரையில் கருப்பாகக் கிடந்தன. அலையாத்திச் செடிகளின் அடியில் தார் பூசியதுபோல ஒரு கோடு, தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டியது. பெண்கள் மண்ணெண்ணெயில் வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவக் கழுவ வலை கிழிந்தது. ஒரு நண்டு என் பூட்ஸுக்குப் பக்கத்தில் நகர முயன்று, நகராமல் நின்றது.

ஒரு கிழவி என் சட்டையிலிருந்த ஆலை அட்டையைப் பார்த்தாள்.

“பாட்டில்ல புடிச்சுக்கினு போய் இன்னா பண்ணுவ? குடிப்பியா?”

“பரிசோதனைக்கும்மா.”

“சோதன! எங்கள வெச்சுத்தான் பண்ணிட்டீங்களே.” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “என் புள்ள உங்க கம்பெனிலதான் கீறான். கை ரெண்டும் வெந்துபோய்க் கெடக்குது. அன்னிக்கு சாய்ங்காலம் போன் போட்டு போன் போட்டுப் பாத்தானாம். ஒரு நாயும் எடுக்கலியாம்.”

யேசுபாதத்தின் தாய். யாருக்குப் போன் போட்டான் என்று அவள் சொல்லவில்லை. தெரியாததால் சொல்லவில்லையா, தெரிந்தும் என் முகத்தைப் படிப்பதற்காகச் சொல்லவில்லையா? ஆறு பாட்டில் எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

ரேஷன் கடை. மாமியாருக்கு மாத்திரை. குழாய் ரிப்பேர்க்காரன் வரவில்லை.

யேசுபாதத்தைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டார்கள். போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறார்கள். வால்வைத் திறந்துவிட்டுக் கவனிக்காமல் இருந்தானாம். தண்டனை கிடைத்தால் இரண்டு வருடம் வரை உள்ளே போகலாம் என்று சட்டப் பிரிவில் பேசிக்கொள்கிறார்கள். விசாரணைக் குழு ஆறாம் தேதி.

அவனுடைய எழுத்து வாக்குமூலத்தின் நகலைச் சட்டப் பிரிவு நண்பர் காட்டினார். இரண்டு முறை படித்தேன். “பிரிவுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை” என்று மட்டும் இருக்கிறது. எந்த எண், யாருடைய எண் என்ற கேள்விக்கு நேரே, “ஞாபகம் இல்லை.”

எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்? ஒருவன் ஒரு பெயரைச் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்றால் அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறான் என்று பொருள். காத்திருக்கிறேன்.

நவம்பர் 1, புதன்

வந்தான்.

மாலை ஆறு மணி. இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. கௌசல்யா கொடுத்த காபி டம்ளரை இரு மணிக்கட்டுகளுக்கும் நடுவே பிடித்துக் குடித்தான். அவள் உள்ளே போகாமல் கதவோரமே நின்றாள்.

“எவ்வளவு வேணும்?” என்று கேட்டேன். சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “இன்னா சார் எவ்ளோ?”

“அதுக்குத்தானே வந்திருக்க?”

“துட்டு வாங்க வந்தா வாசல்ல நின்னுக்கினு கேப்பேன் சார். உள்ள வந்து காபி குடிக்க மாட்டேன்.”

“என் பேரை ஏன் வாக்குமூலத்துல சொல்லல?”

“நான் சொன்னா இன்னா சொல்லுவாங்க? கான்ட்ராக்ட்காரன் தப்பிக்கறதுக்கு ஆபீசர மாட்டி உடறான்னுவாங்க. நீங்க வாயத் தொறந்து சொன்னா எழுதிக்குவாங்க. சரி, சொல்லுவாருன்னு பாத்துக்கினே கீறேன். ஒரு வாரமாச்சு.”

அவனே தொடர்ந்தான்.

“எண்ணெ ஊத்துது சார். சாவி மாட்டற கொக்கில சாவி இல்ல. தேடாத எடம் இல்ல. பூஜைல கீற சாவிய எடுக்கலாம்னு போனா அங்க நாலு பேரு. இந்தக் கைல எடுத்தா நாளைக்கு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? அதான் உங்களுக்கு அடிச்சேன். ‘எடுடா’ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாணிக்கசாமி சார் எடுக்கச் சொன்னாருன்னு தூக்கிக்கினு ஓடியிருப்பேன். மூணு வாட்டி அடிச்சேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் மணல்மூட்டய போட்டு அடச்சுப் பாத்தேன். குப்பத்துலர்ந்து எங்கம்மா போன் பண்ணுது, கண்ணு எரியுதுடான்னு. அதுக்கப்புறம் சாமியாவது பூதமாவதுன்னு தூக்கிட்டேன்.”

எழுந்தான். வாசலில் நின்று திரும்பினான்.

“சார், ஒண்ணே ஒண்ணு. அந்த இன்னொரு சாவி எங்க போச்சு?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

கௌசல்யா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழுவினாள்.

நவம்பர் 3, வெள்ளி

ஃபிரிட்ஜ் மேல் அலமாரிச் சாவி இல்லை.

“எந்தச் சாவி?” என்கிறாள் கௌசல்யா. இருபத்தாறு வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அல்லது சொல்லியிருக்கிறாள், நான்தான் பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் திரிக்கக் கூடாது. பூஜைக்கு முன் மாற்றுச் சாவியைக் கொக்கியில் மாட்டப் போனேன். பக்கத்துச் சுவரில் ஹரியின் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. “குறிப்பாக” என்ற சொல்லை யாரோ சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்கள். சாவியைத் திரும்ப எடுத்துப் போய் என் இரும்பு அலமாரிக்குள் நிறுத்திப் பூட்டினேன். இரும்புத் திருட்டு அதிகமான இடம் அது. அதனால்தான். ஒரு சாவி தொலைந்தால் பொறுப்பு என்னுடையது அல்லவா?

போன் விஷயம். திரையில் யேசுபாதத்தின் பெயர் தெரிந்தது. ஹரிதான் அவனை விட்டு என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நவம்பர் 6, திங்கள்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், நடுவில் ஹரி. மேஜையில் பூஜையில் வைத்த அந்த நாலடிச் சாவி. கைப்பிடியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் எண்ணெயில் கரைந்து கோடாக இறங்கியிருந்தது. சுவரோரம் யேசுபாதம் நின்றான். உட்கார நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நான் ஹரிக்கு எதிரான நாற்பது பக்கக் கோப்போடு போயிருந்தேன். என்னைச் சிக்கவைக்க அவன் என்ன கேட்பான், நான் என்ன சொல்வேன் என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் எதுவுமே கேட்கவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான்.

“படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும் சார். உங்கள நிக்கவச்சு கேள்வி கேக்கற மாதிரி ஆகக் கூடாதுன்னு நானே ரெடி பண்ணிட்டேன்.”

படிக்கக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் அலமாரிச் சாவி இருந்தது.

கௌசல்யாதான் காலையில் கூட்டை என் பையில் வைத்தாள். வழக்கமாக நானே வைத்துக்கொள்வேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். உடல்நலக் குறைவால், சீஃப் மேனேஜரின் வாய்மொழி அனுமதியுடன், நான் நான்கு மணிக்கு வீடு சென்றேன். மாற்றுச் சாவி சில மாதங்களாகவே காணவில்லை, துளசிராமன் சாட்சி. என் பெயர் வந்த இடமெல்லாம் சுத்தம். பழிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர். அது சுவரோரம் கட்டுப் போட்ட கைகளோடு நின்றுகொண்டிருந்தது.

“நான் உன்கிட்ட அனுமதி கேட்டேனா?” என்றேன்.

ஹரி குரலைத் தாழ்த்தினான். “கேட்டீங்கன்னு வச்சுக்கலாம் சார்.”

“வச்சுக்கலாமா?”

“எனக்கு வேலை கத்துக்குடுத்தவர் நீங்க. இதுகூட உங்களுக்காக நான் செய்ய மாட்டேனா?”

செய்வானாம். எனக்காக. பூசணிக்காயைக் கூட உடைக்கத் தெரியாதவன் போட்ட பிச்சையில் நான் ஓய்வு பெறும்வரை காலம் தள்ள வேண்டும். தினமும் வாசலில் என்னைப் பார்த்து “சார்” என்பான். அந்தச் சொல்லுக்குள் இந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஜெயிலுக்குப் போவதைவிட அது நீளமான தண்டனை என்று தோன்றியது.

அலமாரிச் சாவியை மேஜையில் போட்டேன்.

“மாற்றுச் சாவி காணாமல் போகவில்லை. என் அலமாரியில் இருக்கிறது. நான்தான் பூட்டினேன். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. இவன் என்னை மூன்று முறை கூப்பிட்டான். பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் இருந்தேன். ஜனவரி ஆய்வுக் கையெழுத்தும் என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள்.”

தலைமை அலுவலகத்துக்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.

எல்லாருமாக என் அறைக்குப் போனோம். அலமாரியைத் திறந்தார்கள். மழைக்கோட்டுக்குப் பின்னால் சாவி நின்றுகொண்டிருந்தது. சந்தனமில்லை, குங்குமமில்லை, ஒரு சொட்டு எண்ணெயில்லை. யேசுபாதம் அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

தற்காலிக நீக்க உத்தரவு கூரியரில் வந்தது. கையெழுத்து ஹரிஹரசுதன். போலீஸ் புகாரில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். யேசுபாதத்தைத் திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். குப்பத்தில் இன்னும் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை.

நாற்பது பக்கக் கோப்பை யாரும் கேட்கவில்லை.

கௌசல்யா இன்று வத்தக்குழம்பு வைத்தாள். சாவி எப்படிக் கண்ணாடிக் கூட்டுக்குள் போனது என்று கேட்டேன். “கண்ணாடி இருக்கற எடத்துல வச்சாத்தானே உங்க கண்ணுல படும்” என்றாள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஹரிக்கு என்னைத் தெரியும். யார் தயவும் எனக்கு ஆகாது என்று பயிற்சிக்கு வந்த நாளிலிருந்தே தெரியும். நான் தாளைத் தூக்கி எறிவேன் என்று கணக்குப் போட்டுத்தான் அதைத் தயார் செய்தானோ? அப்படியானால் உண்மையைச் சொன்னது நானா, சொல்லவைத்தது அவனா?

ஐந்து நாற்பத்திரண்டுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. யேசுபாதம். முதல் அதிர்விலேயே எடுத்துவிட்டேன்.

“சொல்லுப்பா.”

மறுமுனையில் காற்றும், யாரோ படகைச் சுரண்டும் சத்தமும்.

“ஒண்ணும் இல்ல சார். எடுக்கிறீங்களான்னு பாத்தேன்.”

வைத்துவிட்டான். இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.